கெட்டுப்போக மறுத்த துப்பாக்கி

டென்சில் கோகர் அந்தக் கைத்துப்பாக்கியை வாங்கிய நாளில் நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதனால் பின்னால் நடந்த எல்லாவற்றிலும் எனக்கும் பங்கு உண்டு என்று அவன் மனைவி கார்லீன் இன்றுவரை சொல்கிறாள். டென்சிலும் நானும் மேற்கு வர்ஜீனியாவின் மலைச் சாலைகளில் லாரி ஓட்டுகிறவர்கள். குளிர்காலத்தில் பனி தள்ளி உப்புத் தூவுவோம், கோடையில் சாலையோரப் புல் வெட்டுவோம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவோம். சம்பளம் எதற்கு என்று கேட்டால் பேசுவதற்குத்தான் என்பேன்.

துப்பாக்கி ஹோபர்ட்டின் அடகுக்கடையில் இருந்தது. பக்கத்து ஊர்க் காவல் துறைக்குப் புதுத் துப்பாக்கிகள் வந்ததும், பழையவற்றை மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். ஹோபர்ட் அவற்றை ஒரு ஆப்பிள் பெட்டியில் போட்டுக் கல்லாவின் மேல் வைத்திருந்தான். ஒவ்வொன்றும் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் போல ஒரு கனம். பல வருடம் போலீஸ்காரர்களின் இடுப்பு உறையில் உரசி உரசிக் கறுப்புச் சாயம் போய், விளிம்பெல்லாம் வெள்ளி தெரிந்தது.

"இதுக்கு அழகு கிடையாது, டென்சில்," என்றான் ஹோபர்ட். "அதனாலதான் உனக்குப் பொருத்தமா இருக்கும்னு சொல்றேன்."

"ரிப்பேர் வந்தா?"

"வராது."

"வந்தா?"

"இதே மாதிரி பதினெட்டு வித்திருக்கேன்யா. ஒருத்தனும் திரும்பி வரலை. ஒரே ஒருத்தன் வந்தான். அவனும் தொலைஞ்சுபோன நாயைத் தேடிக்கிட்டு வந்தான்."

டென்சில் வாங்கினான். ஒன்பது வருடம் அதை வைத்துச் சுட்டான். சனிக்கிழமை தவறாமல் எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் மைதானத்துக்கு வருவான். மலையைக் குடைந்து மண்மேடு எழுப்பி, அதற்கு முன்னால் வட்ட இரும்புத் தட்டுகளை நிறுத்தியிருப்போம். குண்டு பட்டால் தட்டு 'டங்' என்று பின்னால் சாயும். டென்சில் சுட்டால் பெரும்பாலும் 'டங்' கேட்காது. மண்மேட்டில் தூசிதான் கிளம்பும். அவனிடம் ஒரு கோளாறு இருந்தது. விசையை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பே கண்ணை மூடிக் கையைத் தாழ்த்திவிடுவான். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் அவனுக்குள் வெடித்துவிடும். நான் அந்தச் சங்கத்தின் செயலாளர், மதிப்பெண் எழுதுகிறவனும் நானே. ஒன்பது வருடத்தில் டென்சில் பெயருக்கு எதிரே நான் பெரிதாக எதையும் எழுதியதில்லை. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சுட்டுவிட்டு, துடைத்து எண்ணெய் போட்டு, பெப்பரோனி ரோல் என்கிற இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவான்.

இப்படி நிம்மதியாக இருந்தவனை ஒரு ஏப்ரல் மாதம் அவன் மச்சான் ட்வைட் வந்து கெடுத்தான்.

ட்வைட், கார்லீனின் தம்பி. கட்டில் மெத்தை விற்கும் கடையில் மேனேஜர். ஊரில் எது புதிதாக வந்தாலும் முதலில் அவனிடம் இருக்கும். அன்று மெல்லிய தோல் பையைத் திறந்து ஒரு துப்பாக்கியை வெளியே எடுத்தான். தேன் நிறக் குழல். மேலே சின்னக் கண்ணாடி. அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அந்தப் புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். விசை, பூனை மூக்கைத் தொட்டது போல மிருதுவாக இருந்தது.

"மச்சான், உன் செங்கல்லைக் கீழ வை. இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாரு," என்றான் ட்வைட்.

டென்சில் பிடித்துப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, விஷயம் வீட்டுக்குப் போகப்போகிறது என்று.

விஷயம் கார்லீனிடம் போனது. கார்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரு கரண்டியால் ஒழுங்கு கற்றுக்கொடுத்தவள். அவள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இருபத்திரண்டு வயது. ஓடும்போது சமையலறைக் குறுக்கே நடந்து வரும். காலால் ஒரு உதை விட்டுத் திரும்ப அனுப்புவாள்.

"பழசு வேலை செய்யுதா, இல்லையா?" என்று கேட்டாள்.

"செய்யுது. ஆனா..."

"ஆனாவெல்லாம் வேண்டாம். செய்யுதுல்ல? அப்புறம் புதுசு எதுக்கு? அது என்னைக்கு வேலை செய்யாம நிக்குதோ, அன்னைக்கு நானே ஹோபர்ட் கடைக்கு வந்து, நீ கை காட்டுறதை வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதே."

மறுநாள் காலை லாரியில் டென்சில் இதை என்னிடம் சொன்னான். நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லிடேன். அவளுக்கென்ன தெரியப்போகுது?"

"பொய் சொன்னா என் காது செவந்துடும், வெண்டல். முப்பத்தொரு வருஷமா அவ என் காதைப் பாத்துத்தான் குடித்தனம் நடத்துறா."

"அப்ப ஒரு சுத்தியலை எடுத்து ரெண்டு போடு போடு."

டென்சில் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவன் நாயை அடிக்கச் சொன்னது போல ஒரு வருத்தம் தெரிந்தது. "நல்லா இருக்கிற ஒண்ணைக் கையால உடைக்கிறதா? அது பாவம்டா. தானா கெடணும். நான் அதுக்குக் குறுக்க நிக்காம இருந்தாப் போதும்."

அன்றிலிருந்து டென்சில் அந்தத் துப்பாக்கிக்குக் குறுக்கே நிற்பதை விட்டான்.

முதல் வேலையாகச் சுத்தம் செய்வதை நிறுத்தினான். துடைக்கமாட்டான், ஒரு சொட்டு எண்ணெய் காட்டமாட்டான். சனிக்கிழமை வந்து இருநூறு குண்டு சுட்டுவிட்டு அப்படியே உறைக்குள் செருகி எடுத்துப் போவான். கடையில் கிடைப்பதிலேயே மட்டமான தோட்டாக்களை வாங்கினான். சுட்டால் ஈர விறகு எரிவது போலப் புகை வரும். பக்கத்தில் நிற்பவர்கள் இருமுவார்கள். ஜூலை மாதத்துக்குள் அதன் உள்பக்கம் எங்கள் டிப்போவின் காபிப் பாத்திரம் போல ஆகிவிட்டது. எந்தத் தோட்டாவும் சிக்கவில்லை. விசையை அழுத்தினால் வெடிக்கும், வெற்றுக் கூடு வலப்பக்கம் பறக்கும், அடுத்த தோட்டா தானாக ஏறி உட்காரும். திரும்பவும் அழுத்தினால் திரும்பவும் அதே கதை. ஒவ்வொரு முறை வெடித்ததும் டென்சில் பெருமூச்சு விடுவான்.

"இன்னைக்கு ஒரு மாதிரி சத்தம் வந்துச்சு, கவனிச்சியா?" என்பான் என்னிடம்.

"எப்பவும் வர்ற சத்தம்தான்."

"கொஞ்சம் இழுத்த மாதிரி இல்ல?"

"இல்லடா."

சாகக் கிடக்கும் பெரியப்பாவின் சொத்துக்குக் காத்திருப்பவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரைக் கேட்பது போலத்தான் கேட்பான். பெரியப்பாவோ உள்ளே எழுந்து உட்கார்ந்து கோழி சூப் கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய திங்கட்கிழமை, பள்ளிக்கூடம், டிப்போ எல்லாமே விடுமுறை. டென்சில் ரைஃபிளைத் தோளில் மாட்டி, பழைய கைத்துப்பாக்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னோடு காட்டுக்கு வந்தான். பாறை ஓடையைக் கடக்கும்போது பாசி வழுக்கியது. ரைஃபிளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கியபடி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். அவனைக் கரையில் இழுத்துப் போட்டபோது இடுப்பில் வார் அறுந்திருந்தது. உறையும் துப்பாக்கியும் ஓடையோடு போய்விட்டன.

குளிரில் பல் கிடுகிடுக்க நின்றான். ஆனால் அந்தக் கிடுகிடுப்புக்கு நடுவிலும் உதட்டோரத்தில் ஏதோ நெளிந்ததை நான் பார்த்தேன்.

"அய்யோ, போச்சே," என்றான். காது செக்கச்செவேல் என்று இருந்தது. குளிர்தான் காரணமாக இருக்கலாம்.

வீட்டில் கார்லீன் அவனைப் போர்வையால் சுற்றி, அவரைக்காய் சூப்பை வாயில் ஊற்றி, கதை முழுக்கக் கேட்டாள்.

"அதனால," என்று இழுத்தான் டென்சில், "இனிமே புதுசுதான் வாங்கணும் போலிருக்கு."

"ஏன்?"

"பழசு இல்லையே."

"தொலைஞ்சது வேற, கெட்டது வேற. நான் கெட்டாத்தானே வாங்கித் தர்றேன்னு சொன்னேன்? அதோட, குண்டு போட்ட துப்பாக்கியை ஓடையில விட்டுட்டு வந்து உக்காந்திருக்கியே, நாளைக்கு யாராவது பிள்ளைங்க கையில சிக்கினா என்ன ஆகும்? எந்திரி."

எனக்கும் ஆள் அனுப்பினாள். இரண்டு நாள் தேடினோம். டென்சில் தேடிய விதத்தைச் சொல்ல வேண்டும். துப்பாக்கி எங்கே இருக்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அங்கெல்லாம் தேடினான். இரண்டாம் நாள் மதியம் கார்லீன் இடுப்புவரை வரும் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு, தோட்டத்தில் இலை வாரும் கம்போடு தண்ணீரில் இறங்கினாள். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டாள். ஒரு பாறையின் அடியில் மணலில் புதைந்து கிடந்தது. உறையைக் கவிழ்த்ததும் ஒரு குவளைத் தண்ணீரும், ஒரு பிடி மணலும், கடைசியாக ஒரு குட்டி ஓடை இறாலும் விழுந்தன. இறால் இரண்டு கொடுக்கையும் தூக்கி எங்களை மிரட்டிவிட்டுத் தண்ணீருக்குள் பின்னோக்கி ஓடியது. வாடகைக்கு வந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

நான் துப்பாக்கியை வாங்கித் தோட்டாக்களை வெளியே எடுத்தேன். குழலில் அடைப்பு எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு குச்சியை விட்டுத் துணியால் இழுத்தேன். அதில் எனக்குச் சமரசம் கிடையாது. டென்சில் தடுத்தான்.

"எதுக்குடா சுத்தம் பண்ற? பாவம், அது பட்ட பாட்டுக்கு நிம்மதியா விடேன்."

"குழல்ல மண்ணு இருந்தா உன் கைதான் போகும். மத்ததைத் தொடலை, போதுமா?"

மற்ற இடத்தில் மணல் அப்படியே இருந்தது. மேல்பகுதியைப் பின்னால் இழுத்தபோது காபிக் கொட்டை அரைக்கும் சத்தம் கேட்டது. டென்சிலின் கண்ணில் நம்பிக்கை வந்தது. சங்க மைதானத்துக்குப் போனோம். கார்லீன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள்.

"சுடு," என்றாள்.

எட்டுத் தோட்டா. எட்டும் வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் மணல் பறந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"நல்ல பொருள்," என்றாள் கார்லீன் மரியாதையோடு. "எங்க துணி மிஷின் மாதிரி."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அது டென்சிலின் சொந்த வண்டியில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், ஒரு ஈரச் சாக்கோடும் சிந்திய சாலை உப்போடும் கிடந்தது. சனிக்கிழமை மட்டும் வெளியே வரும். மார்ச்சில் பார்த்தபோது பிடிக்கு மேலே மஞ்சள் தேய்த்தது போலத் துரு. டென்சில் அதைத் தடவி, "வெண்டல், இது அதிக நாள் தாங்காது," என்றான். அந்தக் குரலில் ஆசையும் இருந்தது, அழுகையும் கொஞ்சம் இருந்தது. அன்றும் இருநூறு சுட்டான்.

ஜூனில் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குப் புதுக் குழாய் வாங்குவதற்காக ஒரு போட்டி வைத்தார்கள். பதினாறு பேர். இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும்; ஆளுக்கு ஆறு தட்டு. யார் முதலில் ஆறையும் சாய்க்கிறார்களோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். பரிசு, மேப்பிள் விறகில் புகை போட்ட முழுப் பன்றித் தொடை ஒன்று. பக்கத்திலேயே கோழி வாட்டி, பீன்ஸும் சோள ரொட்டியும் விற்றார்கள். பீன்ஸ் அண்டாவுக்குக் கார்லீன் பொறுப்பு. அவள் நின்ற இடத்திலிருந்து தட்டுகள் நன்றாகத் தெரியும்.

இதைத்தான் டென்சில் எதிர்பார்த்தான். "இன்னைக்கு அது நிக்கும்டா," என்று என் காதில் சொன்னான். "பதினாலு மாசம். எல்லார் முன்னாடியும், அவ கண்ணு முன்னாடி நிக்கும். அப்புறம் என் காதைப் பாத்து என்ன பண்ணப்போறா?"

முதல் சுற்றில் அவனுக்கு எதிராக நின்றது எங்கள் சங்கத்திலேயே நன்றாகச் சுடும் தபால்காரர். நான் விசில் ஊதினேன். டென்சில் சுட ஆரம்பித்தான்.

டங். டங். டங். டங். டங். டங்.

நான் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். தபால்காரர் நான்காவது தட்டில் இருந்தார்.

இதற்கான காரணம் எனக்கு இரண்டாவது சுற்றில்தான் விளங்கியது. இருபது வருடமாக, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நாங்கள் தொண்டை கிழியக் கத்துவது ஒன்றே ஒன்றுதான்: தட்டைப் பார்க்காதே, துப்பாக்கி நுனியில் இருக்கும் குறியைப் பார். டென்சில் அதை ஒருநாளும் செய்ததில்லை. தட்டைப் பார்த்து, தட்டை நினைத்து, தட்டுக்காகப் பயந்து கண்ணை மூடுவான். அன்று அவனுக்குத் தட்டைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. இந்தக் குண்டோடு நிற்குமா, அடுத்த குண்டோடு நிற்குமா என்று துப்பாக்கியையே முறைத்துக்கொண்டிருந்தான். முறைத்த இடத்தில்தான் அந்தக் குறி இருந்தது. வெடிக்கவே வெடிக்காது என்று நம்புகிறவன் வெடிச் சத்தத்துக்கு ஏன் பயப்படப்போகிறான்? அவன் கை கோயில் சிலையின் கை போல அசையாமல் நின்றது.

இரண்டாவது சுற்று ஜெயித்தான். மூன்றாவதும் ஜெயித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் முகம் தொங்கிக்கொண்டே போனது. கூட்டம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

"என்னா ஒரு நிதானம் பாரு," என்றார் தீயணைப்புப் படைத் தலைவர். "ஜெயிச்சும் ஒரு சிரிப்பு இருக்கா மூஞ்சியில? இதுதான்யா வீரனுக்கு லட்சணம்."

கடைசிச் சுற்றில் எதிரே நின்றவன் ட்வைட்.

"மச்சான், அதுக்குள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கும் போல," என்றான் ட்வைட், தேன் நிறக் குழலைத் துடைத்தபடி. "நான் வேணும்னா கொஞ்சம் எண்ணெய் தரட்டுமா?"

"வேண்டாம்!" என்று அலறினான் டென்சில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விசில் ஊதினேன். ட்வைட்டின் துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது. சொன்னபடி கேட்டது. ஐந்து தட்டைப் பட படவென்று சாய்த்தான்; டென்சிலைவிட ஒன்று முன்னால் இருந்தான். ஆறாவதற்கு முன்னால் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. மச்சான் எப்படித் தோற்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தான். பார்த்துக்கொண்டே சுட்டதில் குண்டு மண்மேட்டில் போனது. பதறி இன்னொன்று சுட்டான், அதுவும் மண்மேட்டுக்கே போனது. இந்தப் பக்கம் ஐந்தாவது டங், ஆறாவது டங்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. பன்றித் தொடையைக் கொண்டுவந்து டென்சிலின் கையில் கொடுத்தார்கள். இறந்துபோன உறவினரைத் தூக்கி வைத்திருப்பவன் போல நின்றான்.

சாப்பாட்டு மேசையில் தலைவர் கார்லீனிடம் சொன்னார்: "அம்மா, உங்க வீட்டுக்காரர் அந்தத் துப்பாக்கியை எப்படிப் பராமரிக்கிறார்னு எங்க பசங்களுக்கு ஒருநாள் வந்து சொல்லித் தரணும்."

என் வாயில் சோள ரொட்டி இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "பராமரிப்பா? பதினாலு மாசமா அவன் அதைத் துடைக்கவே இல்லையே!" என்றேன்.

கார்லீன் கரண்டியை வைத்தாள். டென்சிலின் காதைப் பார்த்தாள். பிறகு மற்றக் காதையும் பார்த்தாள். மேசை நீட்டுக்கு எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"எடு," என்றாள்.

டென்சில் தோட்டா இல்லை என்று காட்டி, துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். கார்லீன் விரலால் உள்பக்கத்தைத் தொட்டாள். விரல் கறுப்பாக வந்தது. அதோடு நவம்பர் மாத மணலும் வந்தது.

"இது கெட்டுப்போகணும்னு இப்படிப் பண்ணியா?"

"நான் கெடுக்கலை, கார்லீன். கெடுறதுக்கு ஒரு வாய்ப்பு குடுத்தேன். அவ்வளவுதான்."

"புதுசு வேணும்னு ஆசைப்பட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா, ஒன்பது வருஷம் உனக்கு உழைச்சது. ஒருநாள் முரண்டு பண்ணினது கிடையாது. அதைப் போய்த் துடைக்காம, எண்ணெய் போடாம, எப்படா சாகும்னு பாத்துக்கிட்டிருந்தியா? முப்பத்திரண்டு வருஷமா நானும் உனக்கு உழைக்கிறேன். எனக்கும் இப்படித்தான் ஏதாவது வச்சிருக்கியா மனசுல?"

இந்த இடத்தில் எந்தக் கணவனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். டென்சில் யோசித்துப் பார்த்து, நியாயமாகப் பட்டதைச் சொன்னான்.

"உன்னை நான் ஓடையில போடலையே."

பீன்ஸ் அண்டா மூடிதான் பறந்தது. நல்லவேளை, கார்லீனும் அதுவரை தட்டைப் பார்த்துக் குறி வைக்கிறவள்தான். மூடி அவனுக்கு மேலே போய் ட்வைட்டின் கோழியில் விழுந்தது.

அன்று மாலை கார்லீன் துப்பாக்கியைத் தன் சமையலறை மேசைக்கு எடுத்துப் போனாள். கணினியில் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, பழைய பல் துலக்கியாலும் சாராய நெடியடிக்கும் திரவத்தாலும் தேய்த்தாள். துருவை மெல்லிய இரும்பு நாரால் எடுத்தாள். டென்சில் கதவோரம் நின்று, "அந்த ஸ்பிரிங்கை இப்படி..." என்று தொடங்கினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வராந்தாவுக்குப் போய்விட்டான். ஞாயிறு மதியம் கார்லீன் எனக்குப் போன் செய்தாள்.

"வெண்டல், செவ்வாய்க்கிழமை பொம்பளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்கல்ல? என் பேரை எழுதிக்கோ."

"துப்பாக்கி?"

"இருக்கு."

"டென்சிலோடதா?"

"என்னோடது."

செவ்வாய்க்கிழமை வந்தாள். குறியைப் பார் என்று ஒரு தடவைதான் சொன்னேன். பார்த்தாள். முந்நூறு பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து உருளைக்கிழங்கு தின்ன வைத்தவளுக்கு அந்தச் சின்னக் குறி எம்மாத்திரம்? கனமான துப்பாக்கி அவள் கையில் உதைக்கவே இல்லை. அண்டா தூக்கிய கை. முதல் நாளே ஆறில் நான்கு. மூன்றாவது வாரம் ஆறும் சாய்ந்தன. கூடு எங்கே பறக்கிறது, தட்டு எப்படிச் சாய்கிறது என்பதையெல்லாம் டென்சிலிடம் போய் விவரமாகச் சொல்வாளாம். அவன் சனிக்கிழமைகளில் வெறுங்கையோடு மைதானத்துக்கு வந்து, சாய்ந்த தட்டுகளை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தான். பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

நான்காவது சனிக்கிழமை கார்லீன் அவனைப் பார்த்து, "வண்டியில ஏறு," என்றாள்.

"எங்க?"

"ஹோபர்ட் கடைக்கு. கெட்டா வாங்கித் தர்றேன்னு சொன்னேன்ல? உன்னைப் பொறுத்தவரைக்கும் அது கெட்டாச்சு. இனிமே உனக்கு வேலை செய்யாது."

ஹோபர்ட் கடையில் டென்சில் ஒன்றரை மணி நேரம் நின்றான். ட்வைட்டிடம் இருப்பது போன்றே ஒன்று இருந்தது. தேன் நிறம் இல்லை, நீலம். கையில் எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான். கடைசியில் அதையே வாங்கினான். வாங்கிய அன்று அவன் முகத்தில் இருந்த சிரிப்பை ஐம்பத்தாறு வயது ஆளிடம் நான் பார்த்ததில்லை. நல்ல துப்பாக்கிதான், அதில் ஒரு குறையும் கிடையாது. தினமும் ராச்சாப்பாடு முடிந்ததும் துடைக்கிறான். போர்வை தைக்கும் துணியில் ஒரு பை தைத்து அதில் வைத்திருக்கிறான்.

ஆனால் சுடுவது பழையபடி ஆகிவிட்டது. இப்போது அவனுக்குத் தட்டு விழவேண்டும் என்று ஆசை இருக்கிறது அல்லவா? கண்ணை மூடுகிறான், கையைத் தாழ்த்துகிறான், தூசி கிளம்புகிறது.

"பதறாதே," என்பாள் கார்லீன் பக்கத்துக் கட்டத்திலிருந்து. "அது சுடாதுன்னு நெனச்சுக்க."

"எப்படி நெனைக்க? இது நல்லாச் சுடுதே!"

"அதான் உன் கஷ்டம்."

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மலை முழுக்கச் சிவந்து கிடந்தது. கார்லீன் மாவட்டப் பெண்கள் போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம் நின்று நேரம் எடுத்தேன். டென்சில் பெப்பரோனி ரோலைக் கடித்தபடி பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சுட்ட ஒவ்வொரு தட்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். புதுத் துப்பாக்கி மடியில் இருந்தது.

"வெண்டல்," என்றான் நிதானமாக, "நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

"ஏன்?"

"அந்தத் துப்பாக்கியை எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். நாலாவது கூடு எப்பவும் கொஞ்சம் உயரமாப் போகும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான்காவது தட்டு 'டங்' என்றது. அடுப்பிலிருந்து எடுத்த கரி போலச் சுடச்சுட ஒரு பித்தளைக் கூடு என் சட்டைக் காலருக்குள் இறங்கியது. இறங்கியது அங்கேயே நிற்கவும் இல்லை. கார்லீன் மிச்ச இரண்டு தட்டையும் சாய்ப்பதற்குள் முதுகெலும்பு வழியாகக் கீழே பயணம் போனது. நான் சட்டையை உருவிக்கொண்டு, நேரக் கருவியைத் தூக்கி எறிந்து, மைதானத்தின் நடுவில் எனக்குத் தெரியாத ஒரு ஆட்டத்தை ஆடினேன். கார்லீன் துப்பாக்கியை முறைப்படி காலி செய்து மேசையில் வைத்துவிட்டுத்தான் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். டென்சில் எழுந்து வந்து, கையில் இருந்த குளிர்ந்த சோடா முழுவதையும் என் முதுகில் ஊற்றினான்.

"எவ்வளவு நேரம்டா ஆச்சு?" என்று கேட்டான், தரையில் கிடந்த கருவியைத் துடைத்துக்கொண்டே. "அவ ஆறையும் எவ்வளவு நேரத்துல முடிச்சா? அதைச் சொல்லு முதல்ல."